சுவரில் ஒரு பிடி செம்மண்: மெர்வின் பிஷப்பின் படங்களைக் கைடோடு பார்க்கப் போகிறவர்களுக்கு

"ஆர்ட் காலரிக்குப் போவோமா?" என்று வீட்டில் கேட்டால் முதலில் வருவது "டிக்கெட் எவ்வளவு?" என்ற கேள்விதான். சிட்னி, கான்பெரா அரசு காலரிகளின் நிரந்தரக் கூடங்களுக்கு டிக்கெட் கிடையாது. அங்கே கைடு அழைத்துப் போகும் டூருக்கும் பெரும்பாலும் காசில்லை. அடுத்த கேள்விதான் கஷ்டமானது: "போய் என்ன பண்றது? படத்தைப் பாத்தா பாத்தாச்சு, அதுக்கு எதுக்கு ஒரு ஆள் கூட வந்து பேசணும்?"

பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். மெர்வின் பிஷப் எடுத்த படங்களின் முன்னால் ஒரு கைடு நாற்பத்தைந்து நிமிடம் பேசியதைக் கேட்ட பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, காலரி வாசலை இதுவரை மிதிக்காதவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். பிஷப்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவர் ஆஸ்திரேலியப் பத்திரிகை உலகின் முதல் அபாரிஜினல் (அந்த நாட்டின் பூர்வகுடி) புகைப்படச் செய்தியாளர். அவருடைய படங்கள் 2017-ல் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் ஆர்ட் காலரியிலும், 2021-ல் கான்பெராவில் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்திலும் தனிக் கண்காட்சியாகவே வைக்கப்பட்டன. கண்காட்சிகள் வரும், போகும். பிரின்டுகள் அரசுச் சேகரிப்பில் இருக்கின்றன. முறை வைத்துச் சுவருக்கு வருகின்றன.

கிளம்புவதற்கு முன்: பத்து நிமிடப் பாடம்

கைடு எல்லாம் சொல்வார் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். ஆளைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தால்தான் கேள்வி வரும்.

பிஷப் 1945-ல் நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கில் உள்ள பிரீவாரினா என்ற சிற்றூரில் பிறந்தவர். முருவாரி மக்களைச் சேர்ந்தவர். அந்த ஊரில் பார்வான் ஆற்றுக்குள் கல்லை வளைவு வளைவாக அடுக்கி மீனை மடக்கும் பழங்காலப் பொறிகள் இன்றும் இருக்கின்றன. அம்மாவின் கேமராவில் தொடங்கிய ஆசை இது. பள்ளிப் பருவத்திலேயே சொந்தக் கேமரா வாங்கி, எடுத்த ஸ்லைடுகளை வீட்டில் சொந்தபந்தங்களுக்குப் போட்டுக் காட்டியவர்.

1963-ல் 'சிட்னி மார்னிங் ஹெரால்ட்' பத்திரிகையில் பயிற்சிப் புகைப்படக்காரராகச் சேர்ந்தார். இந்த வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அபாரிஜினல் மக்களைச் சேர்க்கக் கூடாது என்ற பிரிவு அப்போது அரசியல் சாசனத்திலேயே இருந்தது. 1967 மே 27 வாக்கெடுப்பில்தான் அது நீங்கியது. அதாவது, நாட்டின் தலைக்கணக்கில் வராத ஒருவர் நாட்டின் பெரிய நாளிதழ் ஒன்றுக்காகத் தினமும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

1971-ல் ஆண்டின் சிறந்த செய்திப் புகைப்படக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகும் வேலையில் தனக்குப் பெரிய ஏற்றம் வரவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1974-ல் பத்திரிகையை விட்டு, கூட்டரசின் அபாரிஜினல் விவகாரத் துறைக்குப் போனார். 1979-ல் பத்திரிகைக்குத் திரும்பி, 1986-லிருந்து தனியாகத் தொழில் செய்தார். முதல் தனிக் கண்காட்சி 1991-ல்தான். முப்பது வருடப் படங்களைத் தொகுத்து அதை அமைத்தவர் டிரேசி மொஃபாட், அவரே பெரிய கலைஞர். 2000-த்தில் பூர்வகுடிக் கலைஞர்களுக்கான 'ரெட் ஓக்கர்' விருது வந்தது.

இன்னொரு தகவல். பிஷப்பின் அப்பாவைப் பெற்றவர் ஒரு பஞ்சாபி. இது காதில் விழுந்ததும் நம்மவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். மலரட்டும். ஆனால் டூர் நடுவே "அப்போ அவர் கால்வாசி இந்தியர்!" என்று சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எந்த டூர், எந்த நாள்

காலரியின் இணையதளத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று 'என்ன நடக்கிறது' பக்கம், டூர் நேரங்கள் அதில் இருக்கும். மற்றொன்று சேகரிப்புத் தேடல். அதில் கலைஞரின் பெயரைப் போட்டால், எந்தப் படம் இப்போது சுவரில் இருக்கிறது, எது உள்ளே பெட்டியில் இருக்கிறது என்று தெரியும். இதைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் ரயிலேறிப் போய், "அந்தப் படம் இப்போது வெளியே இல்லை" என்று கேட்டுத் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. சில காலரிகளில் படிப்பறை என்று ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால், சுவரில் இல்லாத பிரின்டையும் மேசையில் வைத்துக் காட்டுவார்கள். நம்மில் பலருக்கு இது தெரிவதே இல்லை.

டூரில் மூன்று வகை உண்டு. தினசரி நடப்பவை தன்னார்வக் கைடுகள் நடத்துபவை. இவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள், பொறுமைசாலிகள். இரண்டாவது, கண்காட்சியை அமைத்த க்யூரேட்டரே வந்து பேசுவது. எப்போதாவதுதான் நடக்கும், முன்பதிவு வேண்டும். மூன்றாவது, பூர்வகுடிக் கைடு ஒருவர் நடத்தும் டூர். மூன்றும் ஒரே வாரத்தில் கிடைத்தால் மூன்றாவதற்குப் போங்கள். தன்னார்வக் கைடு ஒரு படத்தின் வரலாற்றைச் சொல்வார். பூர்வகுடிக் கைடு, "இது எங்கள் சித்திக்குத் தெரிந்தவர் வீடு" என்று சொல்லக்கூடும். நான் போன டூர் ஒன்றில் கிட்டத்தட்ட அதுவே நடந்தது.

இப்படிப்பட்ட டூர்கள் அதிகம் கிடைப்பது வருடத்தில் இரண்டு சமயங்களில்: மே 27 முதல் ஜூன் 3 வரை வரும் தேசிய நல்லிணக்க வாரம், ஜூலை முதல் ஞாயிறு தொடங்கும், பூர்வகுடிகளின் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரம். நல்லிணக்க வாரத்தின் இரு முனைகளும் சும்மா வைத்தவை அல்ல. மே 27, மேலே சொன்ன 1967 வாக்கெடுப்பு. ஜூன் 3, ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத மண்ணாக இருந்தது என்ற கதையை உயர் நீதிமன்றம் 1992-ல் மாபோ வழக்கில் உடைத்த நாள்.

சிட்னி காலரிக்குப் போக செயின்ட் ஜேம்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, செயின்ட் மேரி தேவாலயத்தை ஒட்டி டொமெய்ன் பூங்கா வழியாக நடந்தால் பத்து நிமிடம். டூருக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். தாமதமாகப் போய் நடுவில் ஒட்டிக்கொண்டால் முக்கியமான தொடக்கத்தை விட்டுவிடுவீர்கள்.

வாசலில் காதில் விழுபவை

முதுகில் பெரிய பை இருந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அல்லது முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள். தண்ணீர் பாட்டில் பைக்குள் இருக்கட்டும். அதிக நேரம் நிற்க முடியாதவர்கள் மடக்கு ஸ்டூல் கேளுங்கள், பல காலரிகளில் வைத்திருக்கிறார்கள். என் அம்மா முதலில் கூச்சப்பட்டாள். அப்புறம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கைடுக்கு முன்னால் நடந்தாள்.

டூரைத் தொடங்குமுன் கைடு அந்த மண்ணின் மக்களைப் பெயர் சொல்லி வணங்குவார். சிட்னி நகரின் நடுவே என்றால் காடிகல் மக்கள். அடுத்த ஊருக்குள் நுழையும்போது ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது போல என்று எடுத்துக்கொள்ளுங்கள். போனைப் பார்க்காமல் நின்றால் போதும். 'வரவேற்பு' என்பது வேறு: அந்த மண்ணுக்குரியவர் மட்டுமே வரவேற்க முடியும், மற்றவர்கள் வணக்கம்தான் சொல்வார்கள்.

கூடத்தின் நுழைவில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்கும்: இங்கே இறந்தவர்களின் படங்களும் பெயர்களும் இருக்கலாம் என்று. பல பூர்வகுடிச் சமூகங்களில், ஒருவர் இறந்த பிறகு குறிப்பிட்ட காலம் அவர் பெயரைச் சொல்வதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை. துக்கம் காக்கும் முறை அது. புகைப்படக் கண்காட்சியில் இதன் கனம் அதிகம், சுவரெல்லாம் முகங்கள்தானே.

கைடு 'அங்கிள் மெர்வின்' என்று சொல்லக் கேட்கலாம். எதிர் வீட்டுக்காரர் முதல் பால்காரர் வரை எல்லோரையும் நாம் 'அங்கிள்' என்பது போன்றதில்லை இது. மூத்தவர் என்று சமூகம் ஏற்றுக்கொண்ட பிறகு கொடுக்கும் மரியாதைப் பெயர். கைடு சொன்னால் நீங்களும் அப்படியே சொல்லலாம். இல்லையென்றால் முழுப்பெயர் போதும்.

மக்களைக் குறிக்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். 'அபாரிஜினல் மக்கள்', 'பூர்வகுடிகள்' என்றால் சரி. டாரஸ் நீரிணைத் தீவு மக்கள் தனி, அவர்களையும் இவர்களையும் ஒன்றாகப் போடக் கூடாது. 'அபாரிஜின்' என்று வெட்டிச் சொல்வதை இப்போது பலர் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் பேசும்போது 'காட்டுவாசி' என்று வாயில் வந்துவிடுகிறது சிலருக்கு. பக்கத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியம்தான் காரணம். நம் பிள்ளைகளுக்குத் தெரியுமே.

படத்தின் முன்னால் நிற்பது

முதல் விதி: சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையை முதலில் படிக்காதீர்கள். நம் பள்ளிப் பழக்கம் எழுத்தைத் தேடி ஓடும். படம் காத்திருக்கும். ஒரு நிமிடம் வெறுமனே பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது? படத்தில் இருப்பவர்கள் யாரைப் பார்க்கிறார்கள்? ஓரங்களில் என்ன இருக்கிறது? எடுத்தவர் நின்றிருந்தாரா, குனிந்திருந்தாரா?

கூடம் மங்கலாக இருக்கிறதே என்று தோன்றலாம். வண்ணப் பிரின்டுகள் வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும், அதனால் வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள். கண் பழக ஓரிரு நிமிடம் ஆகும். பிளாஷ் கூடவே கூடாது. ஒருமுறை என் போனில் தானாக அடித்துவிட்டது. காவலாளி ஒன்றும் திட்டவில்லை, கையை மட்டும் உயர்த்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது. உள்ளே நுழையும் முன்பே பிளாஷை அணைத்துவிடுங்கள். சில படங்களை போனில் எடுக்கவே கூடாது என்று அட்டையில் சின்னக் குறி இருக்கும், அதையும் கவனியுங்கள்.

பார்த்து முடித்ததும் அட்டைக்கு வாருங்கள். அதில் சில நேரம் இரண்டு வருடங்கள் இருக்கும்: ஒன்று படம் எடுத்தது, மற்றது அந்தப் பிரின்ட் போட்டது. நெகட்டிவ் அறுபதுகளிலோ எழுபதுகளிலோ எடுத்ததாக இருக்கும். சுவரில் இருக்கும் தாள் தொண்ணூறுகளில் கழுவியதாக இருக்கும். பத்திரிகைப் படம் மறுநாள் பேப்பரில் வந்து, அதற்கு மறுநாள் கடலை மடிக்கப் போய்விடும். அதே படம் 'கலை' என்று சட்டத்துக்குள் வர இருபது வருடம் ஆகியிருக்கிறது என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

பெயர்களையும் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரப் படக்காரர்கள் எடுத்த பூர்வகுடிப் படங்கள் பலவற்றில் மனிதர்களுக்குப் பெயரே இருக்காது, ஏதோ மாதிரிப் பொருள்போல நிற்க வைத்திருப்பார்கள். பிஷப் தன் சொந்த ஊரில் 1966-ல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு, 'பங்காளிகள் ரால்ஃபும் ஜிம்மும், பிரீவாரினா' என்ற பொருளில் இருக்கும். பெயரும் இருக்கிறது, உறவும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் யார் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. கைடிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: இந்தப் படத்தில் இருப்பவர்கள் எடுத்தவருக்கு யார்?

1971-ல் விருது வாங்கிய படம் கறுப்பு வெள்ளை. சிட்னி டார்லிங்ஹர்ஸ்டில் ஒரு மருத்துவமனை, கன்னியாஸ்திரீ ஒருவர் ஒரு குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடுகிறார். குழந்தை அம்மாவின் மாத்திரைகளை விழுங்கிவிட்டது. படத்தின் பெயர் 'உயிருக்கும் சாவுக்கும் நடுவே ஓட்டம்' என்கிற மாதிரி வரும். குழந்தை அபாரிஜினல் குழந்தைதான், ஆனால் படம் அன்றாடச் செய்திக்காக எடுத்தது. அதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். பூர்வகுடிப் புகைப்படக்காரர் என்றால் பூர்வகுடிகளின் போராட்டங்களை மட்டும்தான் எடுப்பார் என்று நாம் எதிர்பார்த்துக்கொண்டு வருகிறோம். அவர் அன்றாடச் செய்திக்கு ஓடிய ஆள்.

1988-ல் எடுத்த இன்னொன்று, கெம்ப்சி பக்கத்தில் பர்ன்ட் பிரிட்ஜ் என்ற இடத்தில். ஒரு பெண் நிற்கிறாள், பக்கத்தில் தண்ணீரில் மின்சார ஒயர் கிடக்கிறது. வெள்ளையர் குடியேறி இருநூறு வருடம் ஆனதை ஆஸ்திரேலியா கொண்டாடிய வருடம் அது. கைடு கொண்டாட்டம், எதிர்ப்பு ஊர்வலம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, ஒயரு தண்ணியில கெடக்கு பாரு. இந்தப் பொம்பள செருப்பு போட்டிருக்காளா?"

கைடு என்னவென்று கேட்டார், மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்கள் அம்மா முதலில் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். நான் வருடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார். ஆங்கிலம் தெரியாத பெரியவர்களை டூருக்குக் கூட்டிப்போனால் போரடிக்குமே என்று தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒதுங்கி நின்று மெல்லிய குரலில் மொழிபெயர்த்துக்கொண்டே இருங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அந்தச் செம்மண் படம்

எந்த டூரும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். நீல வானம். கோட்டு சூட்டில் நெடிய மனிதர் ஒருவர், எதிரே நிற்கும் முதியவரின் விரித்த உள்ளங்கையில் செம்மண்ணைக் கொட்டுகிறார். கொட்டுபவர் பிரதமர் கஃப் விட்லம். வாங்குபவர் குரிஞ்சி மக்களின் தலைவர் வின்சென்ட் லிங்கியாரி. (குரிஞ்சி என்று சொன்னதும் மலையும் முருகனும் நினைவுக்கு வரும். நம் குறிஞ்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சத்தம்தான் ஒன்று.) நாள் 1975 ஆகஸ்ட் 16.

இதற்கு ஒன்பது வருட முன்கதை உண்டு. வடக்குப் பிராந்தியத்தில் வேவ் ஹில் என்ற பெரிய மாட்டுப் பண்ணை, பிரிட்டனின் வெஸ்டி நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த மண்ணின் சொந்தக்காரர்களான குரிஞ்சிகள் அதே மண்ணில் மாடு மேய்த்தார்கள், முதலாளி வீட்டில் வேலை செய்தார்கள். கூலியில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும் டீத்தூளுமாகப் போனது. 1966 ஆகஸ்ட் 23 அன்று லிங்கியாரி தலைமையில் சுமார் 200 பேர் பெண்டு பிள்ளைகளோடு எழுந்து நடந்தார்கள். கூலிப் போராட்டம் என்றே வெளியே பலர் நினைத்தார்கள். அவர்கள் அடுத்த வருடம் வாட்டி க்ரீக் என்ற ஓடைக்கரையில், தங்கள் மொழியில் டாகுராகு என்ற இடத்தில் போய் உட்கார்ந்து, கூலி இல்லை, நிலம் வேண்டும் என்றார்கள். ஒன்பது வருடம் விட்டுக்கொடுக்கவில்லை.

சடங்கு நடந்தது இலைதழை வேய்ந்த ஒரு பந்தலுக்குள். மண்ணைக் கையில் கொட்டும் யோசனையைக் கொடுத்தவர் பொருளாதார அறிஞர் எச். சி. கூம்ப்ஸ். பந்தலுக்குள் விட்லம் மண்ணைக் கொட்டினார். பிஷப் அப்போது அரசுத் துறையின் படக்காரர், பந்தலுக்குள்ளும் படம் எடுத்தார். உள்ளே நிழல், வெளியே கண் கூசும் வெயில். படம் சரியாக வந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். பிரதமரிடம் போய், வெளியே வந்து இன்னொரு முறை செய்ய முடியுமா என்று கேட்டார். வந்தார்கள். செய்தார்கள். உலகம் பார்த்தது அந்த இரண்டாவது தடவையை.

கைடு இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் ஒருவர், "அப்போ இது செட்டப்தானே?" என்றார். ஏமாந்துவிட்ட குரல். எல்லா டூரிலும் இந்தக் கேள்வி வரும் போல, கைடு தயாராக இருந்தார். அதற்குள் நான் அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"உன் கல்யாணத்துல வீடியோக்காரன் மூணு தடவ மாலைய மாத்தச் சொன்னானே. அதுக்காவ உனக்குக் கல்யாணம் ஆகலன்னு ஆயிருமா?"

அந்த டூரில் நான் கேட்ட ஆகச் சிறந்த விளக்கம் அது. ஆனாலும் எனக்கு அதைத் தாண்டி ஒன்று தோன்றுகிறது. 1963-ல் பயிற்சிப் பையனாக நுழைந்தவர், பன்னிரண்டு வருடம் கழித்து நாட்டின் பிரதமரை "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாருங்கள்" என்று அழைக்கிறார், பிரதமரும் வருகிறார். மண் கொடுத்தது விட்லம், வாங்கியது லிங்கியாரி. எந்த வெளிச்சத்தில் என்று முடிவு செய்தது மூன்றாவது ஆள், அவர் படத்திலேயே இல்லை. கைடு இல்லாமல் பார்த்தால் தெரியாமலே போயிருக்கும்.

இந்தப் படத்தின் முன்னால் கைடிடம் கேட்க மூன்று கேள்விகள் வைத்துக்கொள்ளுங்கள். அன்று கொடுத்தது முழு உரிமையா, குத்தகையா? (குத்தகை, ஏறக்குறைய 3,200 சதுர கிலோமீட்டர். முழு உரிமைப் பத்திரம் வந்தது 1986-ல்.) கேமராவுக்குச் சம்பளம் கொடுத்தது யார்? (அரசு. அரசின் சாதனைப் படமாகவும் இது இருந்தது, மறுக்க முடியாது. அப்படியும் இன்று மக்கள் நினைவில் இது அரசின் படமாக இல்லை. ஏன் என்று கைடைப் பேச விடுங்கள்.) அடுத்து என்ன ஆயிற்று? அதே வருடம் நவம்பர் 11-ல் விட்லமின் ஆட்சியை கவர்னர் ஜெனரல் கலைத்தார். அவர் ஆட்சி கொண்டுவந்த நில உரிமை மசோதா, அடுத்து வந்த ஃப்ரேசர் ஆட்சியில் 1976-ல் சட்டமானது. 1975 ஆகஸ்டில் அந்தக் கையில் விழுந்த மண், இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தால் விழுந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

கேட்கலாம், கேட்கக் கூடாது

கேள்வி கேட்பதில் நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம், ஆங்கிலம் தப்பாகிவிடுமோ என்று. கைடுகள் கேள்விக்காகத்தான் ஏங்குகிறார்கள். உடைந்த ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு நான் வாங்கிய பதில்கள் எல்லாம் நல்ல பதில்கள்.

கேட்கக் கூடாதது ஒன்றுதான், ஆனால் அதைத்தான் அடிக்கடி கேட்டுவிடுகிறார்கள். கைடு பூர்வகுடி, ஆனால் தோல் வெளுப்பு. "நீங்கள் எத்தனை சதவீதம்?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அரை, கால், வீசம் என்று ரத்தத்தை அளந்து, அதை வைத்துக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்துப்போன அரசாங்கங்கள் இருந்த நாடு இது. அந்தக் கணக்கு இன்னும் பல குடும்பங்களில் ஆறாத புண். ஊரில் புதிதாகச் சந்திக்கிறவர், "நீங்க எந்தத் தெரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாரே, அவர் என்ன தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்று நமக்குத் தெரியும் அல்லவா? அதே கூச்சம் அங்கே. பஞ்சாபித் தாத்தா விஷயத்தை அடக்கி வைக்கச் சொன்னது இதனால்தான்.

கேட்க வேண்டியது, "உங்கள் மக்கள் யார், எந்தப் பக்கம்?" என்பது. பூர்வகுடிகளே ஒருவரையொருவர் முதலில் கேட்டுக்கொள்வது அதைத்தான். சந்தோஷமாகச் சொல்வார்கள். "ஏன் இன்னும் குடிக்கிறார்கள்?", "அரசு இவ்வளவு கொடுக்கிறதே?" போன்ற பேச்சுகளை டாக்ஸியிலும் கோயில் வரிசையிலும் கேட்டிருப்பீர்கள். கேட்டதை இங்கே வந்து இறக்கி வைக்க வேண்டாம்.

கைடுக்கு டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. நன்றி சொல்லி, முடிந்தால் கருத்துப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, நான் எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகளோடு

ஒரு மணி நேரம் பத்து வயதுக்குக் கீழே தாங்காது. மூன்று படம் மட்டும் என்று பேரம் பேசிக்கொள்ளுங்கள். ஓடும் கன்னியாஸ்திரீ படம் எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும். குத்துச்சண்டைப் பிரியர்கள் என்றால், 1968-ல் உலகப் பட்டம் வென்ற லயனல் ரோஸ் பத்திரிகையாளர்கள் நடுவே இருக்கும் படத்தைத் தேடச் சொல்லுங்கள். பாதியில் கிளம்புவதானால் கைடைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனால் போதும்.

டூர் முடிந்த பிறகு

குழு கலைந்ததும் எல்லோரும் காபிக் கடைக்குப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். மனதில் நின்ற ஒரே ஒரு படத்துக்குத் தனியாகத் திரும்பிப் போங்கள். கைடின் குரல் இல்லாமல் ஐந்து நிமிடம். அம்மாவும் நானும் செம்மண் படத்துக்குத் திரும்பிப் போனோம். அவள் அந்த முதியவரின் உள்ளங்கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம தேரிக்காட்டு மண்ணு மாதிரியே இருக்கு" என்றாள். அப்புறம், "கீழ சிந்திருக்கா பாரு" என்றாள். நான் அதுவரை பிரதமரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிட்னி காலரி வழக்கமாக ஐந்து மணிக்கு மூடும். புதன்கிழமை மட்டும் இரவு பத்து வரை, கூட்டம் குறைவாக இருக்கும். வேலை முடிந்து நேராகப் போகிறவர்களுக்கு அந்த நாள்தான் தோது. போகுமுன் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.